டண்டி கிளார்க்குக்கு ஊற்றிய ரம்

2022 மார்ச் 14, திங்கள்

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இன்று இழுத்தேன். என் வீட்டுக்காரர் ஆஸ்ட்லியின் குளிர்காலப் பூட்ஸ் இருக்கும், சர்ச்சில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பூட்ஸ் இல்லை. கடிதங்கள். எல்லாம் போர்க் கல்லறை அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்தவை. விரலை வைத்து வைத்துப் படித்தேன். பதினொரு வருஷக் கடிதங்கள், ஒரே சேதி: வருந்துகிறோம், டண்டி கிளார்க் என்ற படைவீரர் எவரும் எங்கள் பதிவேடுகளில் இல்லை. ஒரே ‘இல்லை’யைப் பதினொரு வருஷமாக இவ்வளவு மரியாதையாகச் சொல்ல ஒரு பொறுமை வேண்டும். நானாக இருந்தால் மூன்றாவது கடிதத்திலேயே திட்டியிருப்பேன்.

பெட்டியின் அடியில் இந்த நோட்டு. முதல் பக்கத்தில் ‘டண்டி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். மற்றதெல்லாம் வெறுமை. சரி, நான் எழுதுகிறேன். பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், பர்மிங்காம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் போர்வை மடித்தவள். தப்பும் தவறுமாகத்தான் வரும். யார் திருத்தப்போகிறார்கள்?

மார்ச் 15

டண்டி என்றால் ஆஸ்ட்லியின் பாட்டியோடு பிறந்தவர். 1916-இல் ஜமைக்காவில், கிளாரெண்டனில், சர்ச் பாட்டுப் பாட, கைக்குட்டைகள் ஆட, இங்கிலாந்து ராஜாவின் போருக்குப் போனார். திரும்பவில்லை. ஐரோப்பாவில் எங்கோ புதைத்துவிட்டார்கள் என்பதுதான் குடும்பத்தில் சொல்வது. உடல் இல்லை, காகிதம் இல்லை, அதனால் அவருக்கு ஒன்பதாம் இரவு வைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் ஒன்பதாம் நாள் எல்லோரும் கூடி, பாடி, டாமினோக் கட்டைகளை மேஜை உடைய அடித்து, மீன் பொரித்து, தரையில் ரம் ஊற்றி, ‘போய்வா’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் போகமாட்டார். வீட்டைச் சுற்றியே நிற்பார்.

அதனால் அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் டண்டிதான். ஆடு செத்தால் டண்டி. கூரை ஒழுகினால் டண்டி. என் நாத்தனார் வினெட்டை மூன்று புருஷன்கள் விட்டுப்போனதற்கும் டண்டிதான் காரணமாம். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். டண்டிமேல் ஒரு தப்பும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்த அன்று ஆஸ்ட்லி வாசற்படியில் நின்று சொன்னார்: “மம்ஸி, நான் வரலேன்னா டண்டிய நீ பாத்துக்கோ. எங்க இருக்காருன்னு கண்டுபிடி. ரம்ம ஊத்து. போகச் சொல்லு.” நான் சொன்னேன், “வாய மூடிக்கிட்டு கம்பளிய ஒழுங்காப் போத்து.” அது 2020 ஏப்ரல், கொரோனாக் காலம்.

மார்ச் 27, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வினெட் நேராக இங்கே வந்தாள். தொப்பியில் ஒரு முழுப் பறவை.

“இன்னிக்கும் கல்லறைக்குப் போயிட்டு வந்தேன். என் தம்பி கேக்குறான், ‘அக்கா, என் பொண்டாட்டி எங்க?’ன்னு. நான் என்னடி சொல்ல?”

“வேலையா இருக்கான்னு சொல்லுங்க, மிஸ் வின்னி.”

“ரெண்டு வருஷமா என்ன வேலை?”

சாதமும் பயறும் போட்டுக்கொடுத்தேன், வாய் அடைபட்டது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். அடக்கம் செய்த அன்று பத்தே பேர், ஆளுக்கு ஆறடி தள்ளி, முகத்தில் துணி. பாடக் கூடாது என்றார்கள். ஒன்பதாம் இரவு கிடையாது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவேயில்லை. எப்படிப் போவது? ‘டண்டி எங்கே?’ என்று கேட்பாரே. கண்டுபிடித்த பிறகுதான் போவேன். வெறும் வாயோடு போகமாட்டேன்.

ஏப்ரல் 6

இன்று கண் ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டுத் திரும்பினார்கள். நர்ஸ் வந்து வந்து “டெல்ரோஸ் பின்னக்! டெல்ரோஸ் பின்னக்!” என்று கத்துகிறாள். பாவம், யார் அந்தப் பெண், காதும் கேட்காது போல, என்று நான் நினைத்தேன்.

நான்காம் முறை கூப்பிட்டபோதுதான் — அது நான்.

எழுபத்தொரு வயதுவரை என்னை யாரும் டெல்ரோஸ் என்று கூப்பிட்டதில்லை. பிறந்த வாரத்திலிருந்து மம்ஸிதான். என் பெயர் டெல்ரோஸ் என்று எனக்கே பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் என்பது பாஸ்டருக்கும் போலீசுக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்கு வீட்டுப் பெயர்.

நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நர்ஸ் கேட்டாள், “தலை சுத்துதாம்மா?”

“டண்டிங்கிறது பேரே இல்ல!” என்றேன்.

அவள் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

பதினொரு வருஷம்! ஒரு ராணுவத்திடம் போய், ‘எங்கள் மம்ஸியைக் காணோம், எங்கே புதைத்தீர்கள்’ என்று கேட்டிருக்கிறார் மனுஷர். ஆஸ்ட்லி, ஆஸ்ட்லி.

ஏப்ரல் 7

கிளாரெண்டனுக்குப் போன் போட்டேன். மிரல்டா அத்தைக்குத் தொண்ணூற்று நாலு. டண்டியின் தங்கை மகள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். போனில் பேசினால் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நினைப்பு, அதனால் எதையும் நீட்டமாட்டார்.

“அத்தை, டண்டியோட சரியான பேரு என்ன? ஞானஸ்நானப் பேரு?”

“ஜோசப். ஜோசப் கிளார்க். ஏன், அவருக்கு யாராச்சும் சொத்து எழுதிவச்சிருக்காங்களா?”

“இல்ல அத்தை.”

“அப்ப சரி.” வைத்துவிட்டார்.

பதினொரு வருஷம் தேடியது இருபது விநாடியில் கிடைத்தது. இன்றே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தாள் வீண்.

மே 3

இருக்கிறார்! மேற்கிந்தியப் படைப்பிரிவு, ஜோசப் கிளார்க், 1917 அக்டோபர், பெல்ஜியம், போப்பரிங்கே ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். வரிசை எண்ணும் கல்லின் எண்ணும் போட்டிருக்கிறார்கள். கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே ஏழு தடவை படித்தேன். வாழைக்காய் கருகிப்போய்விட்டது. கருகட்டும்.

மே 4

வினெட்டுக்குச் சொன்னேன். முதலில் அழுதாள். அப்புறம், “நானும் வர்றேன். என்ன போட்டுக்கிட்டு வர?” என்றாள்.

ஜூன் 16

வினெட் மூட்டை கட்டுவதைப் பார்த்தால் பெல்ஜியத்தில் சாப்பாடே கிடையாது என்று நினைக்க வேண்டும். பொரித்த மீன், ரொட்டி, ஃப்ரூட் கேக், ஒரு முழுக் கோழி. ரம் நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளை ரம், கடுமையான சரக்கு. குடிக்கவும் ஆகும், ஜன்னல் துடைக்கவும் ஆகும்.

ஜூன் 17

போர்க்களம் பார்க்கப் போகும் கோச் பஸ். எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் ரிட்டயர்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். ஆளுக்கொரு வரைபடம். என் பக்கத்தில் இருந்தவர் கடற்கரை வரைக்கும் பீரங்கியைப் பற்றியே பேசினார். வினெட் மீன் டப்பாவைத் திறந்ததும் பஸ்ஸே திரும்பியது. முதலில் மூக்கைப் பிடித்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். கடலுக்கடியில் சுரங்கத்தில் போகும்போது பீரங்கிக்காரர் கையில் மூன்றாவது துண்டு இருந்தது, வாயில் பீரங்கி இல்லை.

ஜூன் 18, சனி

எவ்வளவு கற்கள். வெள்ளை வெளேரென்று, இஸ்திரி போட்டு அடுக்கின போர்வை மாதிரி. நடந்துகொண்டே இருந்தோம். வினெட்டுக்குப் புது ஷூ கடித்தது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை கர்த்தரைக் கூப்பிட்டாள்.

தோட்டக்காரர் ஹென்ட்ரிக் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயது, பெரிய மீசை, புல்லைத் தன் பிள்ளை மாதிரி பார்க்கிற ஆள். கடைசிக்கு முந்தின வரிசை. ஜோசப் கிளார்க். வயது 19.

நான் கணக்குப் போட்டேன். “மிஸ் வின்னி, டண்டிக்கு இருபத்தி நாலு இருக்கணுமே?”

“சேரும்போது கொறச்சுச் சொல்லியிருப்பாரு. எங்க குடும்பத்துல எல்லாரும் அப்படித்தான். எனக்கு இப்ப அறுபத்தாறு.”

அவளுக்கு எழுபத்தெட்டு. சரி, குடும்ப வழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ரம் பாட்டிலை எடுத்ததும் ஹென்ட்ரிக் ஓடிவந்தார். “அம்மா, கல்லுமேல ஊத்தாதீங்க, கறை புடிக்கும்!”

“கல்லுமேல இல்லப்பா, புல்லுமேல.”

வாங்கி மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என் புல்லு செத்துப்போகும்மா!”

“இங்க படுத்திருக்கிற ஆளுங்கள விடவா உன் புல்லு?” என்றாள் வினெட்.

பேரம் நடந்தது. கடைசியில் மூன்று மூடி, பூச்செடிக்குத் தள்ளி. மரியாதைக்காக ஹென்ட்ரிக்கும் ஒரு மூடி குடித்தார். காது இரண்டும் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அவர் எங்களைவிட்டுப் போகவேயில்லை. வினெட் ஒரு பாட்டை எல்லா அடிகளோடும் பாடினாள், ஹென்ட்ரிக் தாளம் போட்டார். பெல்ஜியத் தாளம், பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் கேக் சாப்பிடத் தள்ளிப் போனார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து டண்டியிடம் பேசினேன். உங்கள் தங்கச்சி பேரன் அனுப்பினான், தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் நீங்கள் போகலாம் என்றேன். அங்கிருந்து எப்படி ஆஸ்ட்லிக்குப் போனேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன் — யாரிடமும் சொல்லாததை. கடைசி நாள் நர்ஸ் போன் போட்டு, “அவர் காதுல வச்சிருக்கேன், பேசுங்கம்மா, கேக்கும்” என்றாள். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர். எனக்கு ஒன்றும் வரவில்லை. “குப்பை வண்டி இனிமே செவ்வாய் இல்ல, புதன்கிழமையாம்” என்றேன். அதுதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் போய்விட்டார்.

அந்தக் கல் கேட்டுக்கொண்டது. அழுதேன். இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் வராத அழுகை, மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கமாக. பீரங்கிக்காரர் தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

ஜூன் 20

வீடு வந்து சேர்ந்தோம். நல்ல தூக்கம். நாளை அத்தைக்குச் சேதி சொல்லிவிட்டு, வியாழக்கிழமை ஆஸ்ட்லியிடம் போகவேண்டியதுதான். இனிமேல் சாக்கு இல்லை.

ஜூன் 21

கோபப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அத்தையிடம் சொன்னேன், “அத்தை, கண்டுபிடிச்சுட்டோம்! பெல்ஜியத்துல இருக்காரு, பூவெல்லாம் வச்சு அழகா இருக்கு!”

“யாரு?”

“டண்டி! உங்க மாமா!”

“அவரு எப்ப பெல்ஜியம் போனாரு? அவரு கியூபாவுல இல்ல செத்தாரு!”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“மம்ஸி? இருக்கியா? எழுபது வயசுல. கோழி எலும்பு தொண்டையில சிக்கி.”

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. சண்டை முடிந்து கப்பல் கிங்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. டண்டி வீட்டுக்கு வரவில்லை. அடுத்த கப்பல் ஏறிக் கியூபாவுக்குக் கரும்பு வெட்டப் போனார். அங்கேயே ஒருத்தியைக் கட்டினார், ஆறு பிள்ளைகள், கத்தோலிக்கராகவும் ஆகிவிட்டார். இவர்களோ பாப்டிஸ்ட் குடும்பம், கத்தோலிக்கர் என்றாலே ஆகாது. அவருடைய அம்மா அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ‘என் மகன் போரிலேயே செத்துட்டான்’ என்று சர்ச்சில் எழுந்து நின்று அறிவித்தாராம். அழகாக இருந்ததால் எல்லோரும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

“ஏன் அத்தை வீட்டுக்கே வரல?”

“அவருக்கு நாலு தங்கச்சிங்க. நாலும் நம்ம வினெட் மாதிரி. நீயா இருந்தா வருவியா?”

“இத ஆஸ்ட்லிகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? பதினோரு வருஷம் அத்தை!”

“எங்க பொதச்சாங்கன்னு கேட்டான். தெரியாதுன்னு சொன்னேன். தெரியாது. நீ பேரு கேட்ட, பேரச் சொன்னேன். எதுல செத்தாருன்னு எவனும் கேக்கலியே.”

அப்புறம், “சரி, வை. யாரோ கேக்குறாங்க.”

ஜூன் 22

ஆடு, கூரை, வினெட்டின் மூன்று புருஷன்கள். அந்த ஆள் கியூபாவில் உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருந்திருக்கிறார்!

ஜூன் 23, வியாழன்

போகவில்லை. போய் என்ன சொல்வது? ‘நீ கேட்டபடி ரம் ஊற்றிவிட்டேன், யாருக்கு என்று மட்டும் தெரியாது’ என்றா? அந்தக் கல்லுக்கடியில் யார்? யாரிடம் நான் அதையெல்லாம் சொன்னேன்?

அலுவலகத்துக்கு மறுபடி எழுதினேன். என் கையெழுத்து இப்போது அவர்களுக்குப் பழகியிருக்கும்.

ஜூலை 19

பதில் வந்தது. வேறு ஒரு ஜோசப் கிளார்க். பார்பேடஸ், செயின்ட் லூசி வட்டாரம். வயது பத்தொன்பது. தாய் பெயர் கெட்டூரா. குண்டு பட்டுச் சாகவில்லை, நிமோனியா. மூச்சு. ஆஸ்ட்லி மாதிரி இவனும் மூச்சுதான். இதற்குமுன் இவனைக் கேட்டு யாரும் எழுதியதாகத் தங்கள் கோப்பில் இல்லை என்று அலுவலகத்து அம்மாள் எழுதியிருக்கிறார்.

நூற்றைந்து வருஷம். ஒருவர்கூட இல்லை.

ஜூலை 20

வினெட்டிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கியூபாவைக் கேட்டு வாயைப் பிளந்தாள். நான்கு தங்கச்சிகள் பற்றி அத்தை சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பார்பேடஸ் என்றதும் எழுந்தே நின்றுவிட்டாள்.

“சின்னத் தீவுக்காரனா? அடி பாவி, நம்ம ஜமைக்கா ரம்ம ஒரு பார்பேடியனுக்கா ஊத்தினோம்? அவனுங்க நம்ம ரம்ம ரம்முன்னே ஒத்துக்கமாட்டானுங்களே! பாட்டு? அத்தன அடியும் பாடினேனே! என் ஷூ! என் கால்ல கொப்புளம் இன்னும் ஆறல!”

“ஆமா மிஸ் வின்னி.”

“அந்த மீசக்காரன் ஒரு வார்த்த சொன்னானா?”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

ஜன்னலோரம் போய் நின்றாள்.

“அப்ப, கொறச்சுச் சொல்லல. நெசமாவே பத்தொம்பதா?”

“நெசமாவே.”

“அம்மா பேரு என்ன சொன்ன?”

“கெட்டூரா.”

மூக்கை உறிஞ்சினாள். “கேக்குல பழம் கொஞ்சம் கம்மியாப் போட்டுட்டேன் மம்ஸி. சும்மா டண்டிக்குத்தானேன்னு.”

ஜூலை 31

செயின்ட் லூசி வட்டாரச் சர்ச்சுக்கு எழுதினேன். கெட்டூரா கிளார்க்கின் வழியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பையன் நல்ல இடத்தில் இருக்கிறான், புல் நன்றாக இருக்கிறது, ஜமைக்காக்காரிகள் இரண்டு பேர் வந்து ‘போய்வா’ சொல்லியாகிவிட்டது. வீட்டில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

ஒரே தாள்தான் வீண்.

ஆகஸ்ட் 9

வினெட் போன் செய்தாள். பார்பேடஸ்காரர்கள் என்ன மீன் சாப்பிடுவார்கள் என்று அந்த ஊர்க்காரியான தன் தையல்காரியிடம் விசாரித்தாளாம். “பறக்கும் மீனாம்டி. பர்மிங்காம்ல எங்க போறது? வாலு வச்ச எதையாச்சும் வாங்கிப் பொரிக்கிறேன், அடுத்த வருஷம் அவனுக்குத் தெரியவா போகுது.” அடுத்த வருஷம் போகிறோம் என்று யாரும் பேசவேயில்லை. அவளே முடிவு செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் 18, வியாழன்

காலையில் எழுந்ததும் ஆஸ்ட்லியிடம் போய்விட்டேன். யோசித்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். இரண்டு பஸ். வழி மறந்திருக்கும் என்று நினைத்தேன், கால் மறக்கவில்லை.

வினெட் வைத்த பிளாஸ்டிக் பூ, கண்ணைக் குத்துகிற மஞ்சள். அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். மடக்கு நாற்காலி கொண்டுபோயிருந்தேன், உட்கார்ந்துகொண்டேன். ‘மன்னிச்சுக்கோ’ என்றுதான் ஆரம்பிப்பதாக இருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. “ஆஸ்ட்லி, கண் ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு தெரியுமா?”

அப்புறம் நிற்கவில்லை. நர்ஸ், ரத்த அழுத்தம், மிரல்டா அத்தையின் இருபது விநாடி, பஸ்ஸில் மீன், ஹென்ட்ரிக்கின் காது. வினெட்டைப் போலவே பேசிக்காட்டினேன். நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். ஆஸ்ட்லிக்கு எதையும் நேராகச் சொல்லிவிட்டால் பிடிக்காது. இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும், நல்ல இடம் வரும்போது நிறுத்த வேண்டும், அவர் தொடையைத் தட்டிக்கொண்டு “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்க வேண்டும்.

அத்தைக்குப் போன் போட்ட இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாற்காலியை மடக்கினேன். கியூபாவைச் சொல்லவில்லை. ஒரு வாரம் காத்திருக்கட்டும்.